கப்பல் கேசினோ யார் கையில்? குத்தகை முறையும் நேரடி நிர்வாகமும்

சில ஆண்டுகள் கழித்து அதே சொகுசுக் கப்பலில் மீண்டும் பயணம் செய்பவர்களுக்குப் புரியாத மாற்றம் ஒன்று நேர்வதுண்டு. கேசினோ என்னும் சூதாட்டக் கூடம் பழைய தளத்திலேயே, பழைய மேசைகளுடன் இருக்கும். ஆனால் முன்பு கொடுத்த உறுப்பினர் அட்டை செல்லாது. சேர்த்துவைத்த புள்ளிகள் கணக்கில் தெரியா. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் அச்சிட்டிருக்கும் விதியும் வேறாக இருக்கும். கப்பல் கைமாறியிருக்க வேண்டியதில்லை. அதற்குள்ளிருக்கும் கேசினோவை நடத்துபவர் மாறியிருந்தாலே இவையெல்லாம் நிகழும்.

இதை உள்நிர்வாகச் செய்தி என்று கடந்துவிட முடியாது. தரையில் இருக்கும் கேசினோவுக்கு மேலே உரிமம் கொடுத்த அரசு ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் கப்பல் கேசினோவுக்கு மேலே அப்படி அன்றாடம் கண்காணிக்கும் ஆணையம் பெரும்பாலும் இல்லை. விதியை எழுதுபவர், பணத்தை எண்ணுபவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் ஆகிய மூவரும் அங்கே ஒரே தரப்பாக இருக்கிறார்கள். ஆகவே அந்தத் தரப்பு யார் என்பது பயணிக்கும் அங்கு வேலை பார்ப்பவருக்கும் நேரடியாகப் பொருட்படும் கேள்வி.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கேசினோ ஏன் மூடியிருக்கிறது?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை, கடலோர நாட்டின் ஆட்சி எல்லை நீள்கிறது. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை வகுத்த அளவு இது. இந்தியா 1976-இலேயே தன் சட்டத்தில் இதே அளவை எழுதிக்கொண்டது. அந்த எல்லைக்குள் கடலோர நாட்டின் சூதாட்டத் தடை கப்பலையும் தொடக்கூடும். எல்லையைத் தாண்டிவிட்டால், கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டு எந்த நாட்டின் கொடியை ஏந்தியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டம்தான் முதன்மையாகச் செல்லுபடியாகும். உலகின் பெரிய பயணிக் கப்பல்களில் பலவும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளின் கொடியைத்தான் ஏந்தியிருக்கின்றன.

இந்த எல்லைக்கோட்டைச் சுற்றி நடந்த பழைய மோதல் ஒன்று, இன்றைய விதிகளின் வேரைக் காட்டுகிறது. 1938-இல் டோனி கொர்னேரோ என்பவர், அமெரிக்காவின் சாண்டா மோனிகா கரைக்கு அப்பால் அன்றைய மூன்று மைல் எல்லையைத் தாண்டி 'ரெக்ஸ்' என்ற கப்பலை நங்கூரமிட்டுச் சூதாட்டக் கூடமாக நடத்தினார். கரையிலிருந்து மக்கள் படகில் போய் விளையாடிவிட்டுத் திரும்பினார்கள். 1939-இல் கலிஃபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்த எர்ல் வாரன் இப்படிப்பட்ட கப்பல்களை மூட உத்தரவிட்டபோது, ரெக்ஸில் இருந்தவர்கள் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அதிகாரிகளை அண்டவிடாமல் பல நாள் தடுத்தார்கள். வழக்கில் முடிவைத் தந்தது நிலவியல்தான். சாண்டா மோனிகா ஒரு விரிகுடா. ஆகவே மூன்று மைலைக் கரையோரத்திலிருந்து அளக்கக் கூடாது, விரிகுடாவின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கணக்கில் ரெக்ஸ் மாநில எல்லைக்குள் வந்துவிட்டது. போருக்குப் பின் கொர்னேரோ மீண்டும் முயன்றதையடுத்து, 1948-இல் அமெரிக்க மத்திய அரசே சூதாட்டக் கப்பல்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1951-இல் வந்த ஜான்சன் சட்டம் சூதாட்ட இயந்திரங்களைக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியது.

இந்தச் சட்டங்கள் எதிர்பாராத விளைவு ஒன்றைத் தந்தன. அமெரிக்கக் கொடி ஏந்திய கப்பலில் கேசினோ வைக்க முடியவில்லை; அதே துறைமுகத்திலிருந்து புறப்படும் அயல்நாட்டுக் கொடிக் கப்பல் எல்லை தாண்டியதும் கேசினோவைத் திறந்தது. இந்த ஏற்றத்தாழ்வை நீக்க 1992-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஹவாய்த் தீவுகளுக்குள்ளேயே சுற்றிவரும் பயணங்களுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் அங்கே இயக்கும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' கப்பலில் கேசினோ இல்லாததற்குக் காரணம் இதுதான்.

எல்லா நாடும் ஒரே நிலையில் நிற்கவில்லை. பெர்முடா 2013-இல் இயற்றிய சட்டப்படி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கேசினோக்கள் உரிமம் பெற்று இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை இயங்கலாம். அலாஸ்கா வாக்காளர்கள் 2006-இல், மாநிலக் கடல் எல்லைக்குள் பெரிய பயணிக் கப்பல்கள் ஈட்டும் சூதாட்ட வருவாய்க்கு 33 விழுக்காடு வரியை ஏற்றார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான நிகழ்வு 2022-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் பயணத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில நாள்களில் அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வர இருந்தபோது, கப்பலில் உள்ள கேசினோவைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கேசினோ திறப்பது எல்லைக்கு அப்பால்தான் என்ற வாதம் சட்ட நோக்கில் சரியாகவே இருக்கலாம். ஆனால் கப்பலைத் தன் கரைக்கு வரவிடுவதா என்பது கரையின் முடிவு. கடலோர அரசின் கையில் இருக்கும் மிக வலுவான பிடி அதுவே.

நடத்தும் முறைகள் மூன்று

1. குத்தகை முறை. கப்பல் நிறுவனம் இடத்தைக் கொடுக்கும். கேசினோ நடத்துவதையே தொழிலாகக் கொண்ட வேறொரு நிறுவனம் ஆள்களையும் அனுபவத்தையும் கொண்டுவந்து கூடத்தை நடத்தும். வருவாயில் ஒரு பங்கோ ஒப்புக்கொண்ட தொகையோ கப்பல் நிறுவனத்துக்குப் போகும். கப்பலில் உள்ள அழகு நிலையம், நகைக்கடை, ஓவிய ஏலம் ஆகியவை பெரும்பாலும் இன்றும் இப்படித்தான் நடக்கின்றன.

2. நேரடி நிர்வாகம். கப்பல் நிறுவனமே கேசினோ துறையை வைத்திருக்கும். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் முதல் மேலாளர் வரை அதன் ஊழியர்கள். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்களின் வழி இது.

3. பெயர்க் கூட்டு. தரையில் புகழ்பெற்ற கேசினோவின் பெயரைக் கப்பல் கூடம் தாங்கும். அல்லது இரு தரப்பின் உறுப்பினர் திட்டங்களும் ஒன்றையொன்று ஏற்கும். 1990-இல் வந்த 'கிரிஸ்டல் ஹார்மனி' கப்பலில் இருந்த கூடத்துக்கு 'சீசர்ஸ் பேலஸ் அட் சீ' என்றே பெயர். வாசலில் உள்ள பெயரும் உள்ளே நடத்துபவரும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இவற்றுக்கு நேர்மாறான வழியில் வந்ததுதான் மலேசியாவின் கெந்திங் குழுமம். மலைமேல் கேசினோ நடத்திய அந்தக் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸைத் தொடங்கிக் கடலில் இறங்கியது. 2000-இல் நார்வீஜியன் நிறுவனத்தையே வாங்கியது. கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நொடித்துக் கலைப்பு நடவடிக்கைக்குள் சென்ற பிறகு, அதே ஆண்டு ஜூனில் சிங்கப்பூரிலிருந்து 'ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்' என்ற பெயரில் 'கெந்திங் டிரீம்' கப்பல் மீண்டும் புறப்பட்டது.

2015-இல் எட்டுக் கப்பல்களில் நடந்தது

குத்தகையிலிருந்து நேரடி நிர்வாகத்துக்கு நகர்வது எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு செஞ்சுரி கேசினோஸ் நிறுவனத்துடையது. அமெரிக்காவின் கொலராடோவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் ஓஷனியா, ரீஜன்ட் ஆகிய இரு உயர்தரக் கப்பல் நிறுவனங்களின் கேசினோக்களைக் குத்தகை ஒப்பந்தத்தில் நடத்திவந்தது. அந்தக் கப்பல்கள் சிறியவை. ஓஷனியாவின் ரெகாட்டா போன்றவை 700-க்கும் குறைவான பயணிகளை ஏற்றுபவை. பெரிதான மரினாவும் ரிவியராவும் 1,250 பேர் அளவில்தான். இத்தனை சிறிய கூடத்துக்கென்று தனிப் பயிற்சி, தனிக் கண்காணிப்பு, தனித் தணிக்கை வைத்தால் கட்டுப்படியாகாது. அந்தத் தொழிலையே செய்யும் ஒருவரிடம் விடுவதுதான் பொருத்தம். இந்தக் காரணத்தால்தான் குத்தகை முறை இத்தனை காலம் நிலைத்தது.

2014 நவம்பரில் நார்வீஜியன் குரூஸ் லைன் ஹோல்டிங்ஸ், ஓஷனியாவுக்கும் ரீஜன்டுக்கும் உரிமையாளராக இருந்த பிரெஸ்டீஜ் நிறுவனத்தைக் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு வாங்கியது. நார்வீஜியனிடம் 4,000 பேரை ஏற்றும் கப்பல்களும், அவற்றின் கேசினோக்களை நடத்தும் சொந்தத் துறையும் ஏற்கெனவே இருந்தன. கட்டுப்படியாகாது என்ற பழைய காரணம் அந்த நாளோடு போய்விட்டது.

விளைவு சில மாதங்களில் தெரிந்தது. 2015 மார்ச்சில் இரு தரப்பும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள இணங்கின. ஆண்டின் இரண்டாம் காலாண்டில் எட்டுக் கப்பல்களின் கேசினோக்களும் நார்வீஜியன் கைக்கு மாறின. முன்கூட்டி விலகியதற்காக செஞ்சுரி 40 இலட்சம் டாலர் பெற்றது. கூடவே ஜூன் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் காலாண்டுக்கு 2,50,000 டாலர் வீதம், மொத்தம் 20 இலட்சம் டாலருக்கு ஆலோசனை ஒப்பந்தமும் செய்துகொள்ளப்பட்டது. அந்த ஆலோசனைத் தொகை, வெளியேறும் குத்தகைதாரரின் அனுபவத்துக்கும் விலை உண்டு என்பதைச் சொல்கிறது. டூயி குரூசஸ் போன்றவற்றின் கப்பல்களில் சில ஆண்டுகள் நீடித்த செஞ்சுரி, 2022-இல் அவற்றிலிருந்தும் விலகியது.

கப்பல் நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்?

பயணச்சீட்டு விற்பது கப்பல் தொழிலின் ஒரு பாதிதான். மது, கரைச் சுற்றுலா, இணையம், கடை, கேசினோ ஆகியவற்றை நிறுவனங்கள் 'கப்பலுக்குள் ஈட்டும் வருவாய்' என்று தனியே காட்டுகின்றன. கார்னிவல் கார்ப்பரேஷனின் 2023-ஆம் நிதியாண்டு வருவாய் ஏறத்தாழ 2,160 கோடி டாலர். அதில் சுமார் 750 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இந்தத் தலைப்பில் வந்தது. ஆயினும் வருவாய்ப் பங்கு முழுவதும் தனக்கே வரும் என்பது மட்டும் காரணம் ஆகாது. அதைவிட ஆழமான காரணம் காலி அறையில் இருக்கிறது.

கேசினோக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமிருந்தும் எதிர்பார்க்கும் தொகையை ஒரு பெருக்கல் கணக்கால் அறிகின்றன. ஒருவர் ஒரு கைக்கு, அதாவது ஒரு சுற்று ஆட்டத்துக்கு, 10 டாலர் வைக்கிறார்; மணிக்கு 60 கை ஆடுகிறார்; நாளுக்கு 4 மணி நேரம் அமர்கிறார்; அந்த ஆட்டத்தில் கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் நீண்ட ஓட்டத்தில் கேசினோவுக்கு மிஞ்சும் பங்கு, 2 விழுக்காடு என்று கொள்வோம். 10, 60, 4 ஆகியவற்றைப் பெருக்கினால் 2,400 டாலர். அதில் 2 விழுக்காடு 48 டாலர். அன்று அவர் வென்றாலும் தோற்றாலும், நீண்ட ஓட்டத்தில் நாளுக்கு 48 டாலர் தருபவர் என்று அவர் பெயருக்கு எதிரே பதிவாகும். இலவச மதுவும் இலவச அறையும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வருகின்றன.

இப்போது இரு முறைகளையும் ஒப்பிடலாம். குத்தகைதாரர் ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு இலவச அறை கொடுக்க விரும்பினால், அதற்கான விலையைக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். ஆகவே கை இறுகும். கப்பல் நிறுவனமே கேசினோவை நடத்தும்போது அந்த விலை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம். கப்பல் புறப்பட்ட பிறகு காலியாக இருக்கும் அறையால் ஒரு காசு வருவாயும் இல்லை. அதை ஆட்டக்காரருக்குக் கொடுத்தால், அவர் கேசினோவிலும் பணம் விடுவார், உடன் வரும் குடும்பம் மற்ற இடங்களிலும் செலவழிக்கும். குத்தகைக் காலத்தில் வாடகை தரும் கடையாக இருந்த கேசினோ, இந்த முறையில் கப்பலையே நிரப்பும் கருவியாக மாறுகிறது. சிலருக்கு 'இலவசக் கப்பல் பயணம்' என்று அடுக்கடுக்காக அழைப்புகள் வருவதன் பின்னணி இதுதான். துறைமுகக் கட்டணமும் வரியும் சேவைத் தொகையும் அந்த 'இலவசத்தில்' பொதுவாக அடங்குவதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயணி கவனிக்க வேண்டியவை

முதலில் மேசை விதி. பிளாக்ஜாக்கில் முதல் இரு சீட்டிலேயே கூட்டுத்தொகை 21 அமைந்தால் மரபாக மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பணம் தரப்படும்: 10 டாலருக்கு 15 டாலர். இதை ஆறுக்கு ஐந்து என்று மாற்றினால் 12 டாலர்தான். அப்படிப்பட்ட கை ஏறத்தாழ 21 முறைக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் 3 டாலர் குறைவதால், ஒரு கைக்குச் சராசரி 14 சென்ட், அதாவது கேசினோவின் சாதகம் 1.4 விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டிலும் இதே கதை: ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் கேசினோவின் சாதகம் 2.70 விழுக்காடு, இரண்டு பூஜ்யங்களில் 5.26; மூன்று பூஜ்யங்களில் 7.69. சக்கரத்தில் ஒரு குழி கூடுவது கண்ணுக்குப் பெரிதாகப் படாது. நிர்வாகம் மாறிய கப்பலில் முதலில் பார்க்க வேண்டியது இந்த அச்சிட்ட விதிகளைத்தான்.

அடுத்து அறைக் கணக்கு. கப்பலில் அறைச் சாவியாக இருக்கும் அட்டையே பணப்பையாகவும் இருக்கிறது. கேசினோவும் கப்பலும் ஒரே நிர்வாகமாகும்போது, ஸ்லாட் எனப்படும் சூதாட்ட இயந்திரத்தில் அந்த அட்டையைச் செருகி அறைக் கணக்கிலிருந்தே பணம் எடுத்து ஆடுவது எளிதாகிறது. சில நிறுவனங்கள் இதற்கு 3 முதல் 5 விழுக்காடு வரை கட்டணம் பிடிக்கின்றன. ஒரு டாலர் ஆடுவதற்கு முன்பே அந்த விழுக்காடு இழப்பாகிவிடுகிறது. இந்த வசதியை நான் வசதி என்று எண்ணவில்லை. கையில் எண்ணிக் கொடுக்கும் பணத்துக்கு இருக்கும் தயக்கத்தை அது அழித்துவிடுகிறது.

உறுப்பினர் புள்ளிகளைப் பொறுத்தவரை, அவை முன்பு நடத்திய நிறுவனத்தின் வாக்குறுதி. புதியவர் அதை ஏற்பதாக எழுத்தில் சொன்னால் ஒழிய அவருக்குக் கடப்பாடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேசினோவில் வேலை பார்ப்பவர்களுக்கு

டீலர்களும் காசாளர்களும் பெரும்பாலும் சில மாதக் கால ஒப்பந்தத்தில் பல நாடுகளிலிருந்து வருபவர்கள். இந்திய இளைஞர்களும் இதில் உண்டு. 2013 ஆகஸ்டு 20 அன்று நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் எந்தத் தகுதியில் வேலை செய்பவரையும் கடலோடி என்றே வரையறுக்கிறது. குத்தகைதாரரின் ஆள் என்பதால் உரிமை குறைந்துவிடாது. இந்தியா 2015-இல் இதை ஏற்றது. ஓய்வு நேர அளவைக் கையாளும் நாடுகளில், எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும்.

நிர்வாகம் மாறும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. வேலை ஒப்பந்தத்தில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. ஆள் எடுக்கும் முகவரிடம் இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்பது மற்றொன்று. 'கேசினோ நிறுவனம் மாறிவிட்டது, இனி நாங்கள்தான் ஆள் எடுக்கிறோம்' என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் உரிம எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிட்டே பேச வேண்டும். வேலை வாங்கித்தரக் கடலோடியிடமே கட்டணம் பிடிப்பதை அந்த உடன்படிக்கை அனுமதிக்கவில்லை.

தகராறு வந்தால் எங்கே போவது?

கோவாவின் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவையும் கப்பல்கள்தான். ஆனால் கோவாவின் 1976-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தத்தின்படி மாநில அரசிடம் உரிமம் பெற்று, அரசுக்குக் கட்டணம் செலுத்தி, உள்நாட்டு நீரில் நிற்பவை. அங்கே ஏமாற்றப்பட்டதாகக் கருதும் ஒருவர் மாநில அரசிடமும் இந்திய நீதிமன்றத்திடமும் போகலாம்.

நடுக்கடலில் அந்த வழி குறுகுகிறது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென்று கேசினோ வழிகாட்டு நெறிகளை வைத்திருக்கிறது. இயந்திரங்கள் நெவாடா போன்ற உரிமப் பகுதிகளின் தரத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆனால் அவை தாமே ஏற்றுக்கொண்ட நெறிகள். மீறினால் உரிமத்தைப் பறிக்கும் ஆணையம் பின்னால் இல்லை. வழக்குத் தொடுப்பதென்றால் பயணச்சீட்டின் சிற்றெழுத்து எந்த ஊர் நீதிமன்றத்தைக் குறிப்பிடுகிறதோ அங்கே போக வேண்டியிருக்கும். வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் தொடுத்த வழக்கில், வழக்கு ஃபுளோரிடாவில்தான் நடக்க வேண்டும் என்ற சீட்டு நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது.

குத்தகை முறையில், விரும்பியோ விரும்பாமலோ ஒரு காவல் இருந்தது. வருவாயில் பங்கு வாங்கும் கப்பல் நிறுவனத்துக்குக் குத்தகைதாரரின் கணக்கைத் துருவிப் பார்க்கக் காரணம் இருந்தது. பயணியின் புகாரைக் கேட்கவும் அது மூன்றாம் தரப்பாக நின்றது. நேரடி நிர்வாகத்தில் அந்த இரண்டாவது கண் மூடிவிடுகிறது. புகார் வாங்குபவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒரே நிறுவனம். கணக்கில் ஐயம் எழுந்தால் அந்த நிமிடமே மேசை மேலாளரை அழைப்பதும், மேசை எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதும், கண்காணிப்புப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி பயணம் முடிவதற்குள் எழுத்தில் கேட்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல். சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்கள் தம்மைக் கேசினோவுக்குள் விட வேண்டாம் என்று தாமே பதிவுசெய்துகொள்ளும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. சிங்கப்பூரில் குடும்பத்தினரும் இதற்கு விண்ணப்பிக்க முடியும். அரசு காக்கும் அந்தப் பட்டியல் அந்த அரசு உரிமம் கொடுத்த இடங்களுக்கானது. கப்பலில் இருப்பது, கேசினோவை நடத்துபவர் தாமே வைத்திருக்கும் பட்டியல். நடத்துபவர் மாறும்போது பழைய பட்டியலும் கைமாறும் என்று நம்பியிருக்கக் கூடாது. முன்பு இப்படிப் பதிவு செய்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும், பயணத்துக்கு முன்பே புதிய நிர்வாகத்திடம் எழுத்தில் மீண்டும் பதிவு செய்து ஒப்புகை பெற வேண்டும். அறைக் கணக்கிலிருந்து கேசினோவுக்குப் பணம் எடுக்கும் வசதியையும் கப்பல் ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் சொல்லி நிறுத்தக் கோரலாம்.